துண்டுக்குள் இருந்த தீ

மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் துணி காயாது. அதற்காகவே துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கினோம். வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுவேன். பஞ்சு அடைத்தால் காற்றோட்டம் நின்று தீப்பிடிக்கும் என்பது தெரியும். அதுவே போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துத் துவட்டிய துண்டுகளைத் துவைத்து இயந்திரத்தில் போட்டேன். கடைசிப் பத்து நிமிடம் அது சூடின்றிச் சுழலும். தூக்கக் கலக்கத்தில் அதற்குள் நிறுத்தி, துண்டுகளைச் சூடாகவே மடித்துக் கூடையில் அடுக்கினேன்.

நள்ளிரவில் கருகல் வாடை. அம்மாவின் தலைமாட்டில் கூடை புகைந்துகொண்டிருந்தது.

துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. சூடான துணிக்குள் அது ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, தானாகவே மேலும் சூடேறும். ஆறவிடுவதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம்.

இப்போது எண்ணெய்த் துண்டுகளுக்குக் கொடிதான். எல்லோரும் தூங்கிய பிறகு இயந்திரம் ஓடுவதில்லை.