கோடை கொடுத்த கூலி

கோடை என்றதும் உதகையை நினைப்பார் உண்டு. கொடைக்கானலை நினைப்பார் உண்டு. நமக்கு நினைவில் எழுவதோ மல்லாட்டைத் தோல்! மலைவாழ் குளிரை நாடிச் சென்றோர் மகிழ்ச்சியைப் படமாக்கி மாட்டி வைத்திருக்கின்றனர். நம் அன்னையாரிடம் அத்தகைய படம் ஒன்றுகூட இல்லை. ஆயினும், மாலையில் திண்ணையில் அமர்ந்தால், "அந்த வெயில் காலந்தாண்டா நான் வாழ்ந்த காலம்" என்று தொடங்கிவிடுவார். அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். சொல்லாமல் விடுவது எது என்பதை அண்மையில்தான் உணர்ந்தோம்.

செஞ்சிச் சீமையிலே வல்லம் நமது ஊர். பிறர் நிலக்கடலை என்பார்கள், வேர்க்கடலை என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை மருவி வந்த பெயர். ஆடிப் பட்டத்துக்கு விதை வேண்டும். பொறியிலே இட்டால் பருப்பு உடையும். உடைந்த பருப்பு முளைக்காது. ஆகவே, விதைக்கென ஒதுக்கியதைக் கையால்தான் உடைப்பார்கள். வைகாசி வெயிலில் அந்த வேலை. படிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கு அப்போது விடுமுறை. பள்ளியிலே கிடைத்த பகலுணவுக்கும் விடுமுறை! மற்ற மாதங்களில் அரசு அளித்த அந்த ஒருவேளைச் சோறு, கோடையில் அன்னையாரின் விரல் நுனியிலிருந்துதான் வரவேண்டும்.

புளியமரத்தடியில் சாக்கு விரிப்போம். அன்னையார், தமக்கையார், நாம் என மூவர். உடைபடாத பருப்பு முதலாளிக்கு, உடைந்தது நமக்கு. ஆதலால், நாம் வேண்டுமென்றே சிலவற்றை உடைப்போம்! அன்னையார் காணாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரவிலே விரல் நுனிகள் கன்றிச் சிவந்திருக்கும்; எண்ணெய் தடவி ஊதிவிடுவார். படிக் கணக்கைச் சுவரில் கரிக்கோடுகளாக எழுதுவது தமக்கையார் பொறுப்பு. ஒருமுறை முதலாளி வீட்டுக் கணக்கு இரண்டு படி குறைந்தது. தமக்கையார் அவரைச் சுவரண்டை அழைத்துவந்து கோடுகளை எண்ணிக் காட்டினார். இரண்டு படிக் கூலியும் வந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போது நம் அன்னையாரின் முகத்திலே தோன்றும் பெருமிதம், கோட்டை பிடித்த மன்னனுக்கும் தோன்றியிராது!

கோட்டை என்றோமே, கூலி கைக்கு வந்ததும் ஆண்டுக்கு ஒருநாள் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் செல்வார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளைச் சுற்றி வளைத்த மதில். 1677இல் சிவாஜி கைப்பற்றியது; 1698இல் மொகலாயர் வசமானது; பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துப் பிடித்தது. இவையெல்லாம் அன்னையார் அறியார். களஞ்சியத்தின் உள்ளே நின்று, "எத்தனை மூட்டை கொட்டியிருப்பாங்க! எத்தனை பேர் தூக்கியிருப்பாங்க!" என்பார். ஆண்டவர்களை வரலாறு எண்ணியது. தூக்கியவர்களை நம் அன்னையார் எண்ணினார்.

அங்கே நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணும்போது, தேசிங்குராசன் கதை நடக்கும். 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட இளைஞன் அவன். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பது வழிவழிச் செய்தி. ராணிப்பேட்டை என்னும் பெயரே அவள் நினைவால் வந்தது என்பர். கதை தீயை நெருங்கியதும் தமக்கையார் கேட்டார்: "அந்த அம்மா ஏம்மா தீயில விழணும்?"

அன்னையார் விடை கூறவில்லை. சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தார்.

அதன்பின் ஒரு கோடை வந்தது. தமக்கையார் பத்தாம் வகுப்பில் 500க்கு 432 பெற்றார். உறவினர் கூடினர், ஜாதகம் விரிந்தது. கட்டத்தைப் பார்த்த சோதிடர், படிப்பு இதற்குமேல் இல்லை என்றார். கட்டத்தைக் கண்டனர், மதிப்பெண் பட்டியலைக் கண்டாரில்லை! தந்தையார் தலையசைத்தார். அன்னையார் வாய் திறக்கவில்லை. சட்டத்துக்கு அஞ்சிப் பதினெட்டு வயதுவரை காத்திருந்து மணம் முடித்தனர். பிள்ளையின் படிப்புக்கு அஞ்ச அங்கே யாருமில்லை. அடுத்த கோடையில் தமக்கையார் மல்லாட்டை உடைத்தார்; நாம் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டோம். ஒரே சாக்கில் அமர்ந்திருந்தோம்; ஒரே வழியில் செல்லவில்லை. இன்று நாம் ஆசிரியர். அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் நாக்கு கூசுகிறது, தோழர்களே!

அன்னையாரின் கோடை நினைவுகளில் இந்த ஒரு கோடை மட்டும் வந்ததே இல்லை.

2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. செய்தி கேட்டு, ஒரு விடுமுறை நாளில் அன்னையாரையும் தமக்கையாரின் மகளையும் அழைத்துச் சென்றோம். அதே நிழல், அதே கதை. தீ வந்ததும் பேத்தியும் கேட்டாள்: "ஏன் ஆயா விழணும்?"

இம்முறை அன்னையார் சோறு உருட்டவில்லை. "விழக் கூடாது கண்ணு. பக்கத்துல இருந்தவங்க கையைப் பிடிச்சு இழுத்திருக்கணும். உங்க அம்மா விஷயத்துல நான் இழுக்கல" என்றார். கண்ணீர் இல்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சுவரிலே விடுபட்ட கரிக்கோடு அன்றுதான் எழுதப்பட்டது.

உடன்கட்டையை 1829இல் வங்காளத்திலும், 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் தடுத்தது. பெண்ணின் திருமணத்துக்கென 1989இல் வந்த உதவி, 2022இல் அவளது உயர்கல்விக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. சட்டம் கதவைத் திறக்கும்; திட்டம் வழிச்செலவு கொடுக்கும். ஆனால், 'என் மகள் படிக்கட்டும்' என்று கூடத்திலே கூற ஒரு குரல் வேண்டுமே! அந்தக் குரல் வீட்டிலிருந்துதான் எழவேண்டும். எழாத வீட்டுக்கு நாம் போகவேண்டும்.

ஜூன் திங்களில் பள்ளி திறந்ததும், வருகைப் பதிவேட்டில் பெண்மக்கள் பெயரையே முதலில் படிக்கிறோம். விடை வராத பெயர் ஒன்று இருந்தால், அன்று மாலையே அந்த வீட்டுத் திண்ணையில் ஏறுகிறோம். சில வீடுகளில் நீர் தருவார்கள். சில வீடுகளில் நிற்க வைப்பார்கள். நின்றேனும் பேசுகிறோம். விதைக்கென வைத்த பருப்பை உடைத்துத் தின்ற வாய் இது. அந்தக் கடனைத் தீர்க்க வேறு வழி அறியோம்.