வடிச்சாச்சு... ஆனா வடியலை!

ஃப்ரீசரில் சோடா பாட்டிலை வெச்சுட்டு மறந்துபோன அனுபவம் உங்களுக்கு உண்டா? காலையில் கண்ணாடிச் சில்லு பொறுக்கியிருப்பீங்க. நான் அதையே ஒரு ரேஸ் எஞ்சின்ல செஞ்சேன்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எம்.எஸ். படிச்சப்போ, ஃபார்முலா எஸ்.ஏ.இ. மாணவர் அணியில் இருந்தேன். மாணவர்களே வடிவமைத்து, கட்டி, ஓட்டுகிற சின்ன ரேஸ் கார். 600 சி.சி. பைக் எஞ்சின். அதன் கூலிங் சிஸ்டம் என் பொறுப்பு.

'குளிர் நாடுன்னா கூலன்ட் ஊத்தவேண்டியதுதானே?'ன்னு கேட்பீங்க. சிக்கலே அங்கேதான்! சாதாரண கார் கூலன்ட்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். தண்ணீருடன் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரியிலும் உறையாது. ஆனா, டிராக்கில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், சீக்கிரம் காயாது. பின்னால் வர்ற காருக்கு எமன்! அதனால், எங்க போட்டியில் வெறும் தண்ணீர்தான் ஊற்றணும்னு விதி.

அந்தத் தண்ணீரோ, உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். அடைபட்ட இடமா இருந்தா அலுமினியத்தையே பிளந்துடும்.

நவம்பர் மாதம், டெஸ்டிங் முடிஞ்ச ஒரு சாயங்காலம். ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றினேன். தண்ணீர் கொட்டி நின்னது. 'வடிச்சாச்சு'ன்னு கேப்டனிடம் சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டேன். ராத்திரி மைனஸ் 10 டிகிரி. காலையில் பார்த்தால், வாட்டர் பம்ப் பக்கம் எஞ்சின் பிளாக்கில் முடி கனத்துக்கு ஒரு விரிசல்.

எல்லோரும் பார்த்தது ஒரு ஜூனியரை. ஷெட் ஹீட்டரை அணைச்சது அவன்தான். நான் வாயே திறக்கலை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். லாரி மெக்கானிக். பனியையே பார்க்காதவர். கேட்டது ஒரே கேள்விதான். ''மேல் மூடியைத் தொறந்தியாடா?''

திறக்கலை! எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்கா வருமா? காத்து உள்ளே போனால்தானே தண்ணீர் வெளியே வரும். பாதித் தண்ணீர் பிளாக்கிலேயே தங்கிடுச்சு.

மறுநாள் கேப்டனிடம் உண்மையைச் சொன்னேன். திட்டலை. ''சரி, எஞ்சினைக் கழற்று''ன்னார். அந்த ஜூனியரிடம் மன்னிப்பு கேட்டதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. ஸ்பேர் எஞ்சினை மாட்டும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

அதுக்கப்புறம் எங்க வழக்கமே மாறிடுச்சு. மூடியைத் திறப்போம். பம்ப்பின் டிரெயின் போல்ட்டையும் கழற்றுவோம். காரைச் சாய்த்து, கம்ப்ரஸர் காத்தை மெதுவா விடுவோம். மாசக்கணக்கில் நிறுத்தணும்னா, பாதிக்குப் பாதி கிளைக்கால் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிடுவோம். அப்போதான் கலவை எல்லா மூலைக்கும் போகும். முழுக் கிளைக்கால் ஊத்தினா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க. அது மைனஸ் 13-லேயே உறைஞ்சிடும்! போட்டிக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பணும்.

உள்ளே என்ன இருக்குன்னு ஸ்டீயரிங்கில் ஒரு அட்டையும் தொங்கும். 'தண்ணீர் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே!'

ஃபார்முலா பாரத் போட்டிக்காக கார் கட்டும் நண்பர்களே, கோயமுத்தூரில் உங்க எஞ்சின் உறையாது. ஆனா, 'முடிச்சாச்சு'ன்னு சொல்றதுக்கு முன்னால், ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துடுங்க!