இரண்டு பை, ஒரு பெட்டி

எங்கட பிரதேச சபை குப்பையைத் தரம் பிரிச்சு வைக்கச் சொல்லுது. உக்கிறது ஒரு பையில, பொலித்தீன், பிளாஸ்ரிக் இன்னொரு பையில. நல்ல திட்டம்தான். காணியுள்ள வீடுகளில் உக்கிறது எப்பவோ வாழையடிக்குப் போய்விடும். வாடகை அறையில் ஐந்து பேர் இருக்கிற எங்களுக்கு வாழையுமில்லை, கிடங்குமில்லை. இருப்பதெல்லாம் சோற்றுப் பார்சலும் அதில ஒட்டின லஞ்ச் ஷீட்டும்தான்.

சரி, கழுவிப் பிரிச்சு வைக்கிறோம். ட்ரக்டர் வந்தால் இரண்டு பையும் ஒரே பெட்டிக்குள்ள விழுகுது. குப்பை ஏற்றுகிற அண்ணாவைக் கேட்டோம். "பெட்டி ஒண்டுதானே தம்பியவை, நான் என்ன செய்ய?" என்றார். அவரோட சண்டைபிடிச்சு என்ன பிரயோசனம்? கையுறைகூட இல்லாமல் எங்கட மிச்சத்தைத் தொடுகிறவர் அவர்.

கலந்து கொட்டிக் குவித்தால் அடியில் மீதேன் சேரும், தீப்பிடிக்கும். மழைக்கு ஊறி இறங்கும் கறுத்த தண்ணி, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறுகளுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கொழும்பு நகரத்தின் குப்பை, பக்கத்திலிருந்த ஏழைகளின்ர வீடுகளுக்கு மேல.

புதுப் பெட்டி வாங்கக் காசில்லை எண்டால் நாளைப் பிரிக்கலாமே. திங்கள் உக்கிறது, வியாழன் மற்றது. அதே ட்ரக்டர் போதும். உக்கிறதைப் பசளையாக்க ஓரிடம் வேணும், அவ்வளவுதான். இதைச் சபைக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையுறையையும் அதில சேர்த்திருக்கிறோம்.