மறைத்த கடிதம்

எழுத்தாளர் டோல்கீனுக்காக நான் பல ஆண்டுகள் வாதாடியிருக்கிறேன். அந்த வாதங்களில் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை.

அவருடைய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மிகுபுனைவில் தீய சக்தியின் பக்கம் நிற்கும் மனிதர்கள் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறார்கள். கருநிறத்தவர்களும் அவர்களில் உண்டு. இதை யாராவது கேட்டால் இரண்டு பதில்களை எடுத்து வைப்பேன். 1938-இல் ஜெர்மானியப் பதிப்பகம் ஒன்று 'நீங்கள் ஆரியரா?' என்று விசாரித்தபோது அவர் சினந்து எழுதிய பதில் வரைவு ஒன்று. செத்துக் கிடக்கும் தென்னாட்டு வீரனைப் பார்த்து, இவன் பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவன்தானா என்று கதையின் நாயகர்களில் ஒருவனான சாம் நினைத்துப் பார்க்கும் இடம் இன்னொன்று. இரண்டும் உண்மைதான்.

ஆனால் அந்த 1938 வரைவு இருக்கும் அதே கடிதத் தொகுப்பில் 1958-இல் எழுதிய கடிதமும் இருக்கிறது. அந்த நூலைப் படமாக்க எழுதப்பட்ட ஒரு திரைக்கதையைப் பற்றிய கருத்துகள் அதில் உள்ளன. தீய சக்தியின் படையில் இருக்கும் ஓர்க்குகளின் தோற்றத்தை விளக்க அதில் மங்கோலிய முகங்களை இழிவாக ஒப்பிடுகிறார் டோல்கீன். ஐரோப்பியர் கண்ணுக்கு என்று சேர்த்துச் சொல்கிறார். அதனால் இழிவு குறைந்துவிடவில்லை. நான் அதைப் படித்திருந்தேன். எதிரே இருப்பவர் படித்திருக்கவில்லை என்று தெரிந்ததும் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றே மறைத்தேன்.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். 1937-இல் வந்த அவருடைய 'ஹாபிட்' கதையில் ஒரு பெண்கூடப் பேசுவதில்லை. அதைக் கேட்ட வாசகிகளிடம் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலில் வரும் எயோவின் என்ற வீராங்கனையின் பெயரைச் சொல்லி, 'அந்தக் காலம் அப்படி' என்று முடித்துவிடுவேன்.

மிகுபுனைவு எழுத்தாளர் அர்சுலா லெ குவின் தன் நூல்களிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை. 1968-இலேயே செம்பழுப்பு நிற நாயகனைப் படைத்தவர் அவர். ஆனால் அவர் படைத்த அந்தத் தீவுகளின் உலகில் மந்திரவாதிகளின் பள்ளி ஆண்களுக்கு மட்டுமே. பெண்களின் மந்திரம் தாழ்ந்தது. அந்தக் குறையை மூடி மறைக்காமல், 1990-இல் 'டெஹானு' நாவலில் அதே தீவுகளுக்குத் திரும்பி, நடுவயதுப் பெண் ஒருத்தியின் பார்வையில் அவற்றை மறுபடி எழுதினார். படைத்தவரே செய்ததை வாசகனான நான் செய்யவில்லை. ஒரு குறையை ஒப்புக்கொண்டால் நூலே கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன்.

என்னிடம் கேட்டவர்கள் அந்த நூலை வெறுத்தவர்கள் அல்லர். என்னைப் போலவே நேசித்து, தங்களுக்கு அதில் எங்கே இடம் என்று தேடியவர்கள். அவர்களை வாயடைக்கச் செய்தேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அந்த 1958 கடிதத்தைத் தேடிப் படியுங்கள். நீங்கள் கேட்டது சரியான கேள்வி.