எண்பத்தேழில் ஒரு பங்கு ஊர்

மல்லாட்டை ஆஞ்சு காயப்போட்டாச்சு. கொல்லையில பெருசா வேலை இல்ல. அதனால இந்த வாரம் அக்கா பையன் செஞ்சுகிட்டிருக்கிற ரயிலைப் பத்தி எழுதறேன். பொம்மை ரயில்னு சொன்னா அவனுக்குக் கோவம் வரும். மாடல்னு சொல்லணும்.

எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்து அறையில, பழைய கதவுப் பலகை ஒண்ணைப் படுக்கப் போட்டு, அது மேல மீட்டர்கேஜ் காலத்துத் திருவண்ணாமலை லைனைக் கட்டறான். விழுப்புரம்–காட்பாடி பாதை 2010-ல அகலப்பாதையா மாறி ரயில் ஓட ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் ரயிலே கிடையாது. அதுக்கும் முன்னாடி ஓடின சின்ன ரயில்தான் இவன் செய்யறது.

எச்.ஓ.ன்னு ஒரு அளவு இருக்கு. நிஜத்துல 87 அடின்னா மாடல்ல ஒரு அடி. கடையில கிடைக்கிற எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், ஐரோப்பாக்காரன் பாதைக்குச் சரியா வரும். நம்ம அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல வகுத்தா 19-க்கு மேல வரும். அதனால நம்ம ஊர் ரயிலை அந்தத் தண்டவாளத்துல நிறுத்தினா, பெரிய மனுஷன் சின்னப் பையன் செருப்பைப் போட்ட மாதிரிதான் இருக்கும். மீட்டர்கேஜுக்கு அந்தத் தொல்லை இல்ல. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும். சுவிட்சர்லாந்து மலை ரயில்கள் நிறைய மீட்டர்கேஜ்ங்கறதால, அவங்களுக்காகவே அந்த அளவுல சாமான் வருது. விலையைக் கேட்டா கறவை மாடே வாங்கிடலாம் போல இருக்கு. அதனால இவன் பித்தளைக் கம்பியை இழைச்சு, தீக்குச்சியைக் கட்டையா வெச்சு, தானே போட்டுட்டான். எஞ்சின் அட்டையில செஞ்ச ஒய்.டி.எம்.4 டீசல். மோட்டார் கிடையாது, தள்ளினாதான் போகும்.

இதுல எனக்குப் பிடிச்சது ஜல்லி ஒட்டற வேலைதான். முதல்ல ரவையைக் கொட்டினான். அளவு சரிதான், ஆனா ராத்திரியே எறும்பு வந்துடுச்சு. அப்புறம் கிரஷர் தூளை டீ வடிகட்டியில சலிச்சுப் போட்டான். ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு ஊத்தினா, தூள் மேல முத்து முத்தா உருண்டு நிக்குது, உள்ள இறங்கல. ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டதும் சரசரன்னு இறங்கிடுச்சு. நாம வேப்பெண்ணெய்க் கரைசல்ல காதி சோப்பு கலக்கறமே, தண்ணி இலையில உருளாமப் படியறதுக்கு, அதே சங்கதிதான். நான் சொன்னதும் "மாமா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ங்கறான்.

மலைதான் பெரிய வம்பு. அண்ணாமலை 814 மீட்டர். 87-ஆல வகுத்தாலும் முப்பது அடிக்கு மேல வருது, கூரையைப் பிரிக்கணும். ராஜகோபுரம் 217 அடி, அது ரெண்டரை அடியில அடங்கிடும். மலையைப் பின்னாடி அட்டையில வரைஞ்சு நிறுத்திட்டான். உலகம் பூரா இந்த வேலை செய்யறவங்க எல்லாரும் இப்படித்தான் சுருக்குவாங்களாம். புனேயில ஜோஷின்னு ஒருத்தர் மினியேச்சர் ரயில்களுக்கு அருங்காட்சியகமே வெச்சது 1998-ல. ஒரு ஊரையே ஒரு அறைக்குள்ள அடக்கி வெச்சிருக்காங்க. எதை விடறது, எதை வெக்கறதுங்கறதுதான் இதுல நிஜமான வேலைன்னு தோணுது.

எங்க வீட்டுச் சண்டையும் அதுலதான். பையனுக்கு ஸ்டேஷன் நடுவுல வரணும். எங்க அப்பாவுக்கு எங்க ஊர் கேட் நடுவுல வரணும். அந்த கேட் வழியாத்தான் மாட்டு வண்டியில மல்லாட்டை மூட்டை ஏத்திக்கிட்டு கமிட்டிக்குப் போவாரு. இப்ப அங்க கேட் இல்ல. எடுத்துட்டு, கீழ சுரங்கப்பாதை வெட்டிட்டாங்க. ஐப்பசி மழையில இடுப்பளவு தண்ணி நிக்கும். நெல்லு அறுத்தா டிராக்டர் நாலு கிலோமீட்டர் சுத்திக்கிட்டுத்தான் கழனிக்கு வரணும். கண்ணுக்கு எதிர்லயே நிலம், போக வழி இல்ல.

"ஸ்டேஷனு இன்னும் அங்கதாண்டா கீது, போய்ப் பாத்துக்கலாம். கேட்ட எங்கடா போய்ப் பாக்கறது?"ன்னாரு அப்பா. பையன் ஒண்ணும் பேசல. மறுநாள் பாத்தா ஸ்டேஷன் பலகையோட ஓரத்துக்குப் போயிடுச்சு, பாதிக் கட்டடம்தான் தெரியுது. நடுவுல கேட். இந்தப் பக்கம் எங்க கொல்லை, மூணரை மில்லிமீட்டருக்கு ஒரு சால், மல்லாட்டைச் செடிக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். கேட்டுக்கு முன்னாடி ஒரு மாட்டு வண்டி. வண்டிக்காரன் உயரம் ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்ல, அப்பா மாதிரியே தலையில துண்டு.

கேட் மூடியிருக்கணுமா திறந்திருக்கணுமான்னு அடுத்த தகராறு. ரயில் வர்ற மாதிரி வெச்சா மூடித்தான் ஆகணும்னு பையன் சொல்றான். அப்பா தினமும் சாயங்காலம் அறைக்குள்ள போய் விரலால தூக்கி வெச்சிட்டு வர்றாரு. ஒட்டு இன்னும் காயல.