கார்டினரில் ஏறிய குறுஞ்செய்தி

ஓஸ்குட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்தால் ஒன்ராறியோ லைன் கட்டுமான வேலிகள்தான் வரவேற்கின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு வடக்கே சிறிது நடந்தால், யூனிவர்சிற்றி அவெனியூவில் 360ஆம் இலக்கம்: அமெரிக்கத் துணைத்தூதரகம். வாசலில் தடுப்புகள், கையில் கோப்புகளோடு விசாவுக்கு வந்தவர்கள். என்னோடு வந்த தம்பி அவர்களைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். 2009இல் அவன் பல்கலைக்கழக மாணவன். இன்று ஸ்காபரோவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"இந்தத் தாரிலைதான் அண்ணை இருந்தனாங்கள். இரவிலை குளிர், பகலிலை பொலிஸ்" என்றான்.

அந்த ஆண்டு ஏப்ரல் கடைசி வாரம் ரொறன்ரோவின் இந்த முதன்மை வீதியைத் தமிழர்கள் நாட்கணக்கில் மறித்திருந்தார்கள். வன்னியில் போர் நிறுத்தப்பட வேண்டும், கனடாவும் அமெரிக்காவும் வாய் திறக்க வேண்டும் என்பது கோரிக்கை. சற்று வடக்கே சிறுவர் மருத்துவமனை உட்படப் பெரிய மருத்துவமனைகள் வரிசையாக இருப்பதால் நகரத்துக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டேன். தெற்கே நடந்தபடி சொன்னான். அங்கே விடியும்போது இங்கே இரவு. படுக்கப் போகும் நேரத்தில்தான் செய்தி வரும். வாட்ஸ்அப் இல்லை. கையில் இருந்தது 160 எழுத்துக்கு மேல் தாங்காத குறுஞ்செய்தி. சிலரிடம் பக்கத்து வாட்டர்லூவில் பிறந்த பிளாக்பெரி. வீட்டுக் கணினியில் முகநூல். தமிழ் எழுத்து ஏறாத தொலைபேசிகளில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது. மாணவர் அமைப்புகளின் பெடியளிடமிருந்து மச்சானுக்கு, மச்சானிடமிருந்து வேலையிடத்துக்கு. ஆனால் அம்மாவையும் அம்மம்மாவையும் வீட்டிலிருந்து கிளப்பியது அது அல்ல, தமிழ் வானொலி. பிள்ளையின் தொலைபேசி சொன்னதையே வானொலியும் சொன்னால்தான் பெரியவர்கள் கோட்டைப் போட்டார்கள். ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த தொலைபேசிப் பட்டியல்கள் அன்று வேறு வேலைக்கு உதவின. ஊரில் சாவீட்டுக்குச் சொல்லியனுப்பினால் யார் ஒழுங்கு செய்தது என்று எவரும் கேட்பதில்லை. ஏறக்குறைய அப்படித்தான் நடந்திருக்கிறது.

அந்த ஜனவரி 30ஆம் திகதி, நல்ல குளிரில், நகர மையத்தில் பல்லாயிரம் பேர் கிலோமீட்டர் கணக்கில் கைகோத்து நின்றதும் இதே வழியில்தான். அதே ஆண்டு ஜூன் மாதம் ஈரானில் நடந்த போராட்டங்களுக்கு உலக ஊடகங்கள் 'ட்விட்டர் புரட்சி' என்று பெயர் வைத்தன. அதற்கு முன்பே மடக்குத் தொலைபேசிகளோடு இங்கே நடந்ததற்கு 'போக்குவரத்து நெரிசல்' என்ற பெயர்தான் கிடைத்தது.

குயின் வீதியால் மேற்கே போய், ஸ்படைனாவில் தெற்கே திரும்பினோம். ரயில் பாதைக்கு மேலே பாலத்தைக் கடந்தால் இடப்பக்கம் சி.என். கோபுரம், சுற்றிலும் கண்ணாடிக் கொண்டோக்கள். கடைசியில் கார்டினர் எக்ஸ்பிரஸ்வே, தூண்களின் மேல். அதன் ஏறுவழி எங்கள் முன்னால் வளைந்து ஏறுகிறது. கார்கள் பச்சை விளக்குக்கு உறுமிக்கொண்டு நிற்கின்றன. நடைபாதை அங்கே நின்றுவிடுகிறது. அதற்குமேல் தாரும் கொங்கிரீட்டும்தான். இதில் ஒரு பிள்ளைத் தள்ளுவண்டி ஏறுவதை நினைத்துப் பார்க்கவே கால் கூசுகிறது.

2009 மே 10, ஞாயிறு, அன்னையர் தினம். மாலை ஆறு மணியளவில் ஆயிரக்கணக்கானோர் இந்த வழியால் மேலே போய் இரண்டு பக்கப் போக்குவரத்தையும் நிறுத்தினார்கள். தள்ளுவண்டிகளும் இருந்தன.

"மேல ஏறச்சொல்லி எனக்கு ஒரு மெசேஜும் வரேல்லை. முன்னால போனவை ஏறிச்சினம், நானும் ஏறினன். இறங்கச்சொல்லியும் மெசேஜ் வரேல்லை அண்ணை, அதுதான் பயம்."

நான் அன்று முழுவதும் கேட்டவற்றில் இந்த ஒரு பேச்சுத்தான் என்னை விடவில்லை. எங்கே, எத்தனை மணிக்கு என்பதற்கு 160 எழுத்து தாராளம். அடுத்தது என்ன, எது கிடைத்தால் போதும், யார் போய்ப் பேசுவது என்பவை அதற்குள் அடங்குவதில்லை. நள்ளிரவு வாக்கில் கூட்டம் இறங்கியது, லிபரல் தலைவர் மைக்கல் இக்னாட்டிஃப் தரப்பிலிருந்து பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்புவதாக வாக்குறுதி வந்த பிறகு. ஆயிரம் தொலைபேசிகள் ஏற்றியதை இறக்குவதற்கு ஓர் அலுவலகத்தின் வாக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் ஊடகங்களில் முள்ளிவாய்க்காலைவிட நெடுஞ்சாலையும் தள்ளுவண்டியும் 2006இல் கனடா தடைசெய்த இயக்கத்தின் கொடியும்தான் பெரிதாகப் பேசப்பட்டன. எட்டாம் நாள் போர் முடிந்துவிட்டது.

இதே ஸ்படைனாவின் பெயரில் இன்னொரு நெடுஞ்சாலை வடக்கேயிருந்து நகரத்தைப் பிளந்துகொண்டு வந்திருக்க வேண்டியது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் முதலானவர்கள் எதிர்த்தார்கள். திட்டங்களை விசாரிக்கும் முனிசிபல் போர்டில் தோற்றார்கள், மாகாண அமைச்சரவையிடம் முறையீடு செய்தார்கள், 1971 ஜூன் 3ஆம் திகதி முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தை நிறுத்தினார். துண்டுப்பிரசுரமும் வீட்டுத் தொலைபேசியும்தான் அவர்களின் கருவிகள். அவர்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது. குடியேறி வந்தவர்களுக்கு அது தெரிய ஒரு தலைமுறை பிடிக்கிறது.

பிடித்தது. 2011 மே மாதம் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் வென்று கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2021இல் ஒன்ராறியோ சட்டமன்றம் தமிழின அழிப்புக் கல்வி வாரச் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கையும் தாண்டி அது நிற்கிறது. அதே ஆண்டு ஸ்காபரோவில் தமிழ்ச் சமூக மையத்துக்கு மத்திய, மாகாண அரசுகள் 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கின. கருவி ஒன்றும் புனிதமானதல்ல என்பதையும் சொல்லவேண்டும்: 2022 பிப்ரவரியில் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த லொறிக்காரர்களைத் திரட்டியதும் சமூக வலைத்தளங்கள்தான், அப்போது பொலிஸ் முந்திக்கொண்டு மருத்துவமனை வீதியை அடைத்தது.

திரும்பும் வழியில் தம்பியின் தொலைபேசி ஓயவில்லை. ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலை 24ஆம் திகதி தடம்புரண்டதோடு நின்றே போனது. அதன் பிறகு பஸ்ஸில் நெருக்குப்படுகிறவர்களுக்கு அவன் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறான். எட்டிப் பார்த்தேன். குட் மோர்னிங் ரோஜாப்பூக்கள், ஒரு மரண அறிவித்தல், நடுவில் யாரோ போட்ட பஸ் நிறுத்தப் படம். போக்குவரத்து ஆணையத்தின் அடுத்த கூட்டத்தில் பேசப் பதிய யார் தயார் என்று அவன் கேட்டதற்குக் கைகூப்பும் படங்கள் பல வந்திருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை.

"அண்ணை, நீங்களும் ஸ்காபரோதானே. ஐந்து நிமிசம்தான் பேசவேணும். பேரைப் போடட்டோ?"

போடு என்றேன்.