‘எங்கப்பா பேரு பேப்பர்ல வந்திருக்கா?’ - பாட்டிக்காக சிங்கப்பூரில் ஒரு தேடல்

சிங்கப்பூருக்குக் கிளம்புகிறேன் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். கோடாலித் தைலம், சாக்லேட், சித்தப்பாவுக்கு ஒரு டார்ச் லைட். பாட்டி மட்டும், “எங்கப்பா செத்த தேதி கிடைக்குமான்னு பாத்துட்டு வா தம்பி” என்றார்.

பாட்டிக்கு 88 வயது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1937-ல் அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். அவ்வப்போது கடிதமும் கொஞ்சம் பணமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. அதோடு கடிதம் நின்றது. இறந்த நாள் தெரியாததால் இன்றைக்கும் ஆடி அமாவாசைக்குத்தான் படையல். டிரங்குப் பெட்டியில் மிச்சமிருப்பது, தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரே ஒரு கவர்.

மலாயாவில் இறந்தவரை சிங்கப்பூரில் ஏன் தேட வேண்டும்? அந்தக் காலத்தில் இங்கே அச்சான பேப்பர்கள்தான் மலாயா முழுக்கப் போயின. 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1935-ல் கோ.சாரங்கபாணி ஆரம்பித்த தமிழ் முரசு உட்பட பல பழைய பேப்பர்களை சிங்கப்பூர் தேசிய நூலகம் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்ற இணையதளத்தில் வைத்திருக்கிறது. காசு இல்லை. பெரும்பகுதியை நம் வீட்டில் இருந்தே செல்போனில் பார்க்கலாம். சிலவற்றை மட்டும் நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பூகிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் நூலகக் கட்டடம். 11-வது மாடியில் மைக்ரோஃபிலிம் கருவிகள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஸ்வெட்டர் கேட்கும் குளிர்.

முதலில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டினேன். ஒன்றும் தேறவில்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் அன்றைக்கு ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். முத்துசாமி என்றால் முதலெழுத்துக்குப் பிறகு ‘யூ’ ஒன்றா, ‘ஓ’ இரண்டா, கடைசியில் ‘ஐ’யா, ‘ஒய்’யா? போதாக்குறைக்கு, மங்கிய அச்சைக் கம்ப்யூட்டர் தப்பாகவும் படிக்கிறது.

சரியென்று மரண அறிவிப்புகளையே வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். நாலே வரிதான். ஆனால் அதில் வயது, வேலை, சொந்த ஊர், விட்டுச்சென்ற பிள்ளைகள், மாப்பிள்ளைகள் எல்லாம் இருக்கும். சில அறிவிப்புகளின் கடைசியில், ‘இலங்கைப் பத்திரிகைகள் இதை எடுத்துப் போடவும்’, ‘இந்தியப் பத்திரிகைகள் எடுத்துப் போடவும்’ என்று ஒரு வரி. கடலுக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய துப்பு.

1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நின்று, அடுத்த சில நாட்களில் ஜப்பானியர் நடத்திய ‘சியோனான்’ பேப்பர் வந்தது. பழைய பேப்பர் திரும்பி வந்தது 1945 செப்டம்பர் 7-ல்தான். நான் செய்த தப்பு, 1943-ல் போனவரை 1943 பேப்பரில் தேடியது. போர்க்காலத்தில் தொலைதூரத்தில் இறந்தவரின் செய்தியே வீட்டுக்குப் பல மாதம், பல வருடம் கழித்துத்தான் வந்தது. அறிவிப்பு அதற்கும் பிறகு.

நடுவில் ஒரு நாள் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போனேன். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரம். கல்லறை தெரியாத 24,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் நினைவுச் சுவரில் இருக்கின்றன. இந்திய ராணுவத்தினர் பெயர்கள் பத்தி பத்தியாக ஓடுகின்றன. பின்னால், மத முறைப்படி தகனம் செய்யப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்குத் தனி நினைவிடம். அத்தனை நேர்த்தி. ஆனால் கொள்ளுத்தாத்தா சிப்பாய் இல்லையே!

தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது. இறந்த போர்க்கைதிகளை எண்ணியிருக்கிறார்கள், 12,000-க்கும் மேல். நம் ஆட்களுக்கு மதிப்பீடுகள்தான், முழுப் பெயர்ப் பட்டியல் இல்லை. பேப்பரில் அறிவிப்பு கொடுக்கவும் காசு வேண்டும், எழுதத் தெரிய வேண்டும். பால்மரம் வெட்டியவர் வீட்டில் யார் கொடுத்திருப்பார்கள்?

கடைசி நாள், கவரில் இருந்த தோட்டத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ரப்பர் விலை, துரை மாற்றலாகிப் போனது, கால்பந்து மேட்ச்... அப்புறம் 1946-ல் ஒரு சின்னக் கட்டம். அதே தோட்டத்தின் கிராணி ஒருவர், 1943 ஜூலையில் சயாமில் காலமானார் என்று மனைவியும் பிள்ளைகளும் கொடுத்திருந்த நினைவு அறிவிப்பு. கிராணி என்றால் தோட்டத்து கிளார்க். ஆட்களின் பெயரைப் பேரேட்டில் எழுதுகிறவர்.

வீடியோ காலில் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார்.

“எங்கப்பாவும் இவரும் ஒண்ணாத்தான் போயிருப்பாங்களோ?”

“தெரியல பாட்டி. போயிருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“அப்ப அந்தத் தேதியை நாம எடுத்துக்க வேணாம். அது அவங்க வீட்டுத் தேதி” என்றார். போனை அம்மாவிடம் கொடுக்கப் போனவர், திரும்ப வாங்கி, “அந்தக் கிராணி பேரு என்ன சொன்ன? எழுதிட்டு வா. ஆடி அமாவாசைக்கு அவருக்கும் ஒரு இலை போட்டுருவோம்” என்றார்.